மறுப்பு இருந்தால் மட்டும் எழுதவும்

ஏ.எஸ்.ராவ் நகர், ஹைதராபாத்
12 ஜூன் 2000

அன்புள்ள பெர்சிஸ் அக்காவுக்கு,

தம்பி டேவிட்சனின் ஸ்தோத்திரம். இங்கே நானும் செலினும் குட்டி ஷெரினும் ஆண்டவர் தயவால் நலம். அப்பாவின் கால் வீக்கம் வடிந்ததா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? 'நலம்' என்று ஒரே சொல்லில் மூடி மறைக்காமல் எழுது.

ஏப்ரலில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து நாம் நால்வரும் ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். இனி அப்பா யாரோடு இருப்பது? பேசிப் பேசி என்ன கண்டோம்? நாக்பூரிலிருந்து ஜோசியா அண்ணன் பேசினால் கோயம்புத்தூரில் ரோஸ்லின் அழுகிறாள். ரோஸ்லின் பேசினால் அண்ணன் போனை வைத்துவிடுகிறார். உன் வீட்டில் போன் கூடத்தில் இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நீ 'ம்', 'சரி', 'அப்புறம்' என்று மூன்று சொல்லோடு முடித்துக்கொள்கிறாய். ஈஸ்டருக்குப் பிறகு அண்ணனும் ரோஸ்லினும் பேச்சுவார்த்தையே இல்லை.

போன மாதம் எங்கள் கம்பெனியில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். பலர் சேர்ந்து ஒரு முடிவுக்கு வருவதற்குள் எவ்வளவு நேரமும் மனக்கசப்பும் வீணாகிறது, அதை எப்படிக் குறைப்பது என்பதுதான் பாடம். வழி ரொம்ப எளிது. ஒருவர் ஒரு யோசனையை எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிட வேண்டும். வேண்டாம் என்பவர் மட்டும் குறித்த தேதிக்குள் பதில் எழுதினால் போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டாம். ஒரே ஒருவர் மறுத்தாலும் யோசனை விழுந்துவிடும். யாரும் மறுக்காவிட்டால் எல்லாரும் சம்மதித்ததாக அர்த்தம். எங்கள் டீமில் இப்படி மூன்று வாரத்தில் பதினொரு முடிவு எடுத்திருக்கிறோம். ஒரு சண்டை வரவில்லை.

ஆகவே என் யோசனை இதுதான். அம்மா போனபின் பதின்மூன்று வருடமாக நீ ஒருத்தியே அப்பாவைப் பார்த்துக்கொண்டாய். இனி அப்பா நிரந்தரமாக ஹைதராபாத்தில் எங்களோடு இருக்கட்டும். மறுப்பு இருந்தால் மட்டும் ஜூன் 30-க்குள் எழுதவும். அண்ணனுக்கும் ரோஸ்லினுக்கும் இதையே இ-மெயிலில் அனுப்பிவிட்டேன்.

அப்பாவுக்கு முத்தங்கள்.

தம்பி,
டேவிட்சன்

பாளையங்கோட்டை
2 ஜூலை 2000

அன்புத் தம்பி டேவிட்சனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அப்பா சுகம், நான் சுகம். அங்கே எல்லாரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. கால் வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த செருப்பைப் போட மாட்டேன் என்கிறார், போஸ்ட் மாஸ்டராக இருந்தவர் ரப்பர் செருப்போடு வெளியே போவதா என்று. ஒன்பதாம் வகுப்புக்கு இந்த வருடமும் என்னிடம்தான் கணக்கைக் கொடுத்திருக்கிறார்கள். அறுபத்திரண்டு பிள்ளைகள். வகுப்புக்குள் நடக்க இடமில்லை. கூடத்து டியூப் லைட் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. எங்கள் பள்ளி டிராயிங் மாஸ்டர் துரைராஜ் சார் வந்து மாற்றிக் கொடுத்தார்.

அப்பாவின் மாத்திரை விவரம் இத்துடன் இருக்கிறது. மஞ்சள் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால்.

ஷெரினுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுக்கிறாயா?

அன்புடன்,
பெர்சிஸ்

ஹைதராபாத்
9 ஜூலை 2000

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. எனக்கு மட்டும் தலை சுற்றுகிறது, அதற்கு நீதான் காரணம்.

உன் கடிதத்தை நானும் செலினும் மாற்றி மாற்றி வாசித்தோம். இதைப் பதில் என்று வைத்துக்கொள்வதா, வேண்டாமா? பதில் என்றால் அதில் மறுப்பு எங்கே? மறுப்பு இல்லையென்றால் சம்மதம். சம்மதம் என்றால் அதைப் பற்றி ஒரு வரி இருக்க வேண்டாமா? "மாத்திரை விவரம் அனுப்பியிருக்காங்கல்ல, அப்போ அனுப்பச் சம்மதம்தான்" என்கிறாள் செலின். "அவங்க மனசு கஷ்டப்பட்டுத்தான் தேதி தாண்டி எழுதியிருக்காங்க" என்றும் அவளே சொல்கிறாள். இரண்டில் எதை நம்புவது?

அண்ணனிடமிருந்தும் பதில் இல்லை. அவர் இ-மெயிலைத் திறப்பாரா என்பதே சந்தேகம். ரோஸ்லினும் எழுதவில்லை. அவள் எழுதாமல் இருப்பது இதுதான் முதல் தடவை, அதனால் அதற்கு என்ன அர்த்தம் என்று பிடிபடவில்லை. ஆபீஸில் யாராவது பேசாமல் இருந்தால் வேலை இருக்கிறது என்று அர்த்தம். நம் வீட்டில் அப்படி இல்லையே.

எப்படியோ, விதிப்படி முடிவாகிவிட்டது. ஆகஸ்ட் 11 நான் வந்து அப்பாவை அழைத்துக்கொள்கிறேன். அதற்குள் உனக்கு வேறு எண்ணம் வந்தால், தேதி போனாலும் பரவாயில்லை, எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்.

டேவிட்சன்

பாளையங்கோட்டை
20 ஜூலை 2000

அன்புத் தம்பிக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது.

மறுப்பு இருந்தால் மட்டும் எழுதச் சொன்னாய். அதனால் எழுதவில்லை. இதில் குழம்ப என்ன இருக்கிறது?

அப்பாவின் துணிகளைத் துவைத்து வைத்துவிட்டேன். பெரிய டிரங்குப் பெட்டிதான் வேண்டுமாம். பெட்டியின் மேல் பெயரையும் உன் விலாசத்தையும் துரைராஜ் சார் வெள்ளைப் பெயிண்டில் எழுதிக் கொடுத்தார். அழகாக இருக்கிறது. அப்பா அதைப் பார்த்து, "பார்சல் ரெடி" என்றார். நான் சிரித்துவிட்டேன், அப்புறம்தான் அவர் சிரிக்கவில்லை என்று பார்த்தேன்.

நீ வரும்போது ஏதாவது வாங்கிக்கொண்டுதான் வருவேன் என்று அடம்பிடிக்காதே. வெறுங்கையோடு வா.

பெர்சிஸ்

ஹைதராபாத்
27 ஆகஸ்ட் 2000

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். அப்பா நலம். சாப்பாடு நன்றாக இறங்குகிறது. செலின் மஞ்சள் மாத்திரையை ஒரு நாள்கூட மறக்கவில்லை.

அப்பாவுக்கு இந்த ஊர் இன்னும் பிடிபடவில்லை. லிஃப்டில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்கிறார். ஷெரினிடம் தமிழில் கதை சொல்கிறார், அவள் எல்லாம் கேட்டுவிட்டுத் தெலுங்கில் கேள்வி கேட்கிறாள். இரண்டு பேரும் என்னைக் கூப்பிடுகிறார்கள். கீழே ஆண்டனி என்று ஒரு பெரியவர் கிடைத்திருக்கிறார். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ரிட்டயரான தமிழர், பிறந்து வளர்ந்ததெல்லாம் சிகந்தராபாத். "ஹவ் சார், மொதல்ல கொஞ்ச நாள் அப்டித்தா இருக்கும், பரேஷான் ஆவ நக்கோ" என்று அப்பாவுக்கு, கவலைப்பட வேண்டாம் என ஆறுதல் சொல்கிறார். அதைத் தமிழில் சொல்லச் சொல்லி அப்பா என்னைப் பார்க்கிறார்.

தினம் பதினொரு மணிக்குத் தபால்காரருக்காகக் கீழே இறங்கிவிடுகிறார். பாளையங்கோட்டைக் கடிதம் வர ஐந்து நாள் ஆகும், மழை என்றால் ஆறு என்று கணக்குச் சொல்கிறார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ரயில் புறப்பட்டபோது நீ அழவில்லை, கையையும் அசைக்கவில்லை. பிளாட்பாரத்தில் அப்படியே நின்றாய். அந்த முகம் எனக்குப் புரியவில்லை. என்மேல் கோபமா?

டேவிட்சன்

பாளையங்கோட்டை
14 அக்டோபர் 2000

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. பதில் தாமதமாகிவிட்டது. காலாண்டுப் பரீட்சைத் தாள்கள், அப்புறம் விடுமுறை. மன்னித்துக்கொள்.

கோபம் இல்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தேன். விடுமுறையில் பள்ளியிலிருந்து நாங்கள் ஏழு பேர் கன்னியாகுமரி போய் வந்தோம். பக்கத்தில் இருந்தும் இருபது வருடமாக நான் போகவில்லை என்றால் யாரும் நம்பவில்லை. போன சனிக்கிழமை ஆறரை வரை தூங்கிவிட்டேன். எழுந்து, யாருக்கும் காப்பி போட வேண்டியதில்லை என்று ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்பா என்னைக் கேட்கிறாரா? கேட்டால் சுகமாக இருக்கிறேன் என்று சொல்.

பெர்சிஸ்

ஹைதராபாத்
5 நவம்பர் 2000

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். அப்பாவுக்கு லேசான இருமல், மற்றபடி நலம்.

யாருமில்லாத வீட்டில் நீ கட்டிலில் தனியாக உட்கார்ந்திருந்ததை வாசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி ஒளித்து வைத்துப் பயனில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

தீபாவளி விடுமுறைக்கு ரோஸ்லின் இங்கே வந்திருந்தாள். அப்பா தட்டைப் பார்த்தபடியே சாப்பிடுவதைக் கண்டு, "இவங்கள ஏன் இங்க கொண்டு வந்த?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். பிடிக்காவிட்டால் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "நீயும் அக்காவும் பேசி முடிச்சிட்டு, ஒப்புக்கு எனக்கு அனுப்பியிருக்கீங்கன்னு நினைச்சேன்" என்றாள். அண்ணனுக்குப் போன் போட்டோம். அவர் இ-மெயிலை வாசித்திருக்கிறார்! "டேவிட் ஆசைப்பட்டுக் கேக்கான், தடுத்தா தப்பா நினைப்பான்னு விட்டுட்டேன்" என்கிறார். செலினோ, நான் ஆசைப்பட்டதால் வாய் திறக்கவில்லையாம்.

நான் ஆசைப்பட்டேனா? இதை எழுத வெட்கமாக இருக்கிறது அக்கா. நீ மறுப்பாய் என்று நம்பித்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன். அப்பாவை அனுப்ப மாட்டேன் என்று நீ ஒரு வரி எழுதிவிடுவாய், கேட்டேன் என்ற நிம்மதி எனக்கு, வைத்துக்கொண்டேன் என்ற நிம்மதி உனக்கு, என்று நினைத்தேன். சண்டையே வராத வழி என்று பெருமையடித்தேன் அல்லவா? ஐந்து பேர் சேர்ந்து, ஐந்து பேருக்கும் வேண்டாத ஒன்றைச் செய்து முடித்திருக்கிறோம்.

போன ஞாயிறு கோயில் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பா கேட்டார்: "ஏல டேவிட், இத யாருல முடிவு பண்ணது?"

"எல்லாரும் சேந்துதாம்ப்பா."

"எல்லாரும்னா? பெர்சிஸ் என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலப்பா."

"அவ என்னைக்கு என்ன சொன்னா?" என்றார். வீட்டுக்கு வந்து, ஊருக்குப் போகணும்போல இருக்கு என்று செலினிடம் சொல்லியிருக்கிறார்.

ஆகவே புது யோசனை. ஜனவரி முதல் வாரம் அப்பாவைப் பாளையங்கோட்டையில் கொண்டுவந்து விடுகிறேன், நிரந்தரமாக. அண்ணனும் ரோஸ்லினும் போனிலேயே சரி என்றுவிட்டார்கள். முறைக்காக உனக்கும் எழுதுகிறேன். நவம்பர் 30-க்குள் மறுப்பு வராவிட்டால் முடிவு. இந்தத் தடவை நீ ஒன்றும் எழுத வேண்டியதில்லை. உன் மனது எனக்குத் தெரியும்.

டேவிட்சன்

பாளையங்கோட்டை
14 நவம்பர் 2000

அன்புத் தம்பி டேவிட்சனுக்கு,

அக்கா எழுதுவது. உங்கள் எல்லாருடைய சுகத்துக்காகவும் ஜெபிக்கிறேன். அப்பாவின் இருமலுக்கு மார்பில் தைலம் தேய்க்கச் சொல்.

எனக்கு மறுப்பு இருக்கிறது.

இந்த ஒரு வரியை எழுத மூன்று நாளாகிவிட்டது. காரணம் சொல்ல வேண்டாம் என்பது உன் விதி, ஆனாலும் சொல்கிறேன். சொல்லாவிட்டால் அதற்கும் நீங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொள்வீர்கள்.

ஐந்து பேருக்கும் வேண்டாதது என்று எழுதியிருக்கிறாய். என்னைச் சேர்க்காதே. ஜூன் மாதம் நான் எழுதாமல் இருந்தது சம்மதம்தான். முழுச் சம்மதம். உன் கடிதத்தை வாசித்ததும் எனக்குச் சந்தோஷம் வந்தது டேவிட். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. பெற்ற அப்பாவை அனுப்புவதில் ஒரு மகளுக்குச் சந்தோஷம் வருமா? அதை எந்த வாயால் சொல்வேன்? நீ வாய் திறக்க வேண்டியதில்லை என்று ஒரு வழி செய்து கொடுத்தாய். தேதி தாண்டும்வரை தபால் ஆபீஸ் பக்கமே போகாமல் இருந்தேன். பிளாட்பாரத்தில் கையை அசைக்கவில்லை என்றாய். அசைத்திருந்தால் சிரிப்பு வந்திருக்கும். அழுகையும் வந்திருக்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் அப்பா என்ன நினைப்பார் என்றுதான் கல்லாக நின்றேன். தனியாகக் கட்டிலில் உட்கார்ந்தேன் என்று நீ சோறு தின்னவில்லையாம். அன்றைக்கு நான் எவ்வளவு சுகமாக இருந்தேன் தெரியுமா!

துரைராஜ் சார் பெயரை மூன்று கடிதத்தில் இரண்டில் எழுதினேன். ஒருவராவது கேட்பீர்கள் என்று பார்த்தேன். மனைவி தவறி ஆறு வருடமாகிறது. மகன் ஓசூரில் வேலையில் இருக்கிறான். மூன்று வருடம் முன்னால் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவர் உன்னைப்போல அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. மாட்டேன் என்றும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார். போன மாதம் கன்னியாகுமரியில் சொன்னேன்.

டிசம்பர் மூன்றாம் தேதி ஞாயிறு எங்கள் கல்யாண அறிவிப்பைக் கோயிலில் முதல் ஓலையாக வாசிக்கிறார்கள். மூன்று ஞாயிறு வாசித்து, இருபத்தெட்டாம் தேதி கல்யாணம். எனக்கு நாற்பத்தாறு வயது. ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும்.

அப்பாவும் நம்மோடு இருக்கட்டுமே என்றுதான் அவர் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். அதையும் மறைக்கப் போவதில்லை. அப்பா கோடை விடுமுறைக்கு வரட்டும், ஒரு மாதம் இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். நிரந்தரமாக வேண்டாம். நீ பார், அண்ணன் பார்க்கட்டும், ரோஸ்லின் பார்க்கட்டும். பதின்மூன்று வருடம் நான் பார்த்துவிட்டேன்.

இதை அப்பாவிடம் வாசித்துக் காட்டு. ஒரு வரியும் விடாதே. என்னால் போனில் சொல்ல முடியாது.

அக்கா,
பெர்சிஸ்

ஹைதராபாத்
20 நவம்பர் 2000

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். எல்லாரும் நலம். உன் கடிதம் நேற்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் கீழ்வீட்டுப் பெட்டியில் தவறிப் போட்டிருந்ததை ஆண்டனி சார் கொண்டுவந்து கொடுத்தார்.

முதலில் நான் மட்டும் வாசித்தேன். உன் மனது எனக்குத் தெரியும் என்று எழுதியவனை எதால் அடிப்பது? எனக்கு உன்மேல் கோபம் வந்தது, பிறகு சந்தோஷம் வந்தது, திரும்பவும் கோபம். இப்போது எது இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. செலின் அழுதுகொண்டே, "நல்லாருக்கட்டும், நல்லாருக்கட்டும்" என்றாள்.

மதியம் அப்பாவுக்கு வாசித்தேன். 'மறுப்பு இருக்கிறது' என்ற இடம் வந்ததும், "நிறுத்துல. கண்ணாடிய எடு" என்றார். கடிதத்தை வாங்கித் தானே வாசித்தார். முடித்ததும் முதல் பக்கத்துக்குப் போய்த் திரும்பவும் வாசித்தார். நான் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவர் பிள்ளைகள்தானே நாம்.

"பேப்பர் கொண்டா" என்றார்.

"நீங்க சொல்லுங்கப்பா, நான் எழுதுதேன். கை நடுங்குதுல்லா."

"இது நான் எழுத வேண்டியது. நடுங்குனா நடுங்கட்டும்."

எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. நான் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன்: எனக்குச் சம்மதம். அப்பா இங்கே இருப்பதற்கும், உன் கல்யாணத்துக்கும். ரோஸ்லினையும் அண்ணனையும் உனக்குத் தனித்தனியாக எழுதச் சொல்லியிருக்கிறேன்.

டேவிட்சன்

ஹைதராபாத்
19 நவம்பர் 2000

அன்புள்ள மகள் பெர்சிஸுக்கு,

அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இருமல் குறைந்திருக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய். இந்த ஊர் எனக்கு ஒட்டவில்லை. திரும்பி வந்துவிடலாம் என்று பெட்டியைக்கூடத் துடைத்து வைத்திருந்தேன். நிரந்தரமாக வேண்டாம் என்று நீ எழுதியது எனக்கு வலித்தது. அதையும் நீ தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

அம்மா போன மறு வருடம் சாயர்புரத்திலிருந்து உனக்கு ஒரு வரன் வந்தது. கூடத்தில் வைத்து உன்னிடம் சொன்னேன். நீ ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாய். உனக்கு இஷ்டமில்லை என்று எடுத்துக்கொண்டு அவர்களுக்கு எழுதிவிட்டேன். உள்ளே வந்து இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீ சொல்லாமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது, மகளே. டேவிட்சன் புதிதாகப் படித்துவிட்டு வந்ததாகச் சொல்லும் வழியை நான் அன்றைக்கே உன்னிடம் நடத்திவிட்டேன்.

ஓலை வாசித்துவிட்டு, ஆட்சேபணை உண்டா என்று குருவானவர் கேட்பார். சபை பேசாமல் இருக்கும், கோயிலுக்கு அது போதும். எனக்குப் போதாது. ஆகவே என் கையால் எழுதுகிறேன்: எனக்குச் சம்மதம். கல்யாணத்துக்கு வருவேன். பத்து நாள் இருந்துவிட்டு டேவிட்சனோடு இங்கேயே திரும்பிவிடுவேன்.

ஒரே ஒரு கேள்வி. உனக்குச் சந்தோஷமா, பெர்சிஸ்? இதற்கு நீ பதில் எழுத வேண்டும். நீ எழுதும்வரை எனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வேன்.

அப்பா